அண்ணனிடம் நீ சொன்ன என் வார்த்தை

இன்று எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'அவள் சொன்னாள்' என்று ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டு, அடுத்து வரும் 'வில்'லை 'வுட்' ஆக்காமல் பாதிப் பேர் அப்படியே விட்டிருந்தார்கள். சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே வந்தவள், உன் நினைப்பில் சிரித்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

புதுக்கோட்டை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் படித்தபோது, ஒருவர் பேசியதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் அந்தப் பாடம்தான் எனக்கு எமன். 'டுமாரோ' எப்படி 'நெக்ஸ்ட் டே' ஆகிறது என்று விழிப்பேன். "நம்ம ஊர்ல யாரு என்ன சொன்னாலும் சொன்னபடியே சொல்லிடுவோம். இங்கிலீஷ்காரனுக்கு எல்லாத்தையும் முடிஞ்சுபோன கதையாக்கணும். என்ன அவசரமோ" என்பாய், ஆவூர்க்காரி. ஆனால் உன் தாளில் ஒரு பிழை இருக்காது. விடுதியில் ஒருவர் வாக்கியம் எழுதித் தர, மற்றவர் மாற்றிப் பழகுவோம்.

ஒரு புதன்கிழமை நான் எழுதித் தந்தது இது: வெள்ளிக்கிழமை அண்ணன் என்னைத் திருமயத்து வீட்டுக்கு அழைத்துப் போவார், நான் இனிமேல் படிக்க மாட்டேன். நீ மளமளவென்று காலத்தையெல்லாம் மாற்றி முடித்து, பென்சிலைக் கீழே வைத்தாய்.

"இது பாடமா, ஒன் கதையா?"

எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டில் படிப்பு போதும் என்றுவிட்டதைச் சொன்னேன். "படிச்சு முடிக்கணும்டி" என்று அழுதேன்.

"அண்ணன்கிட்ட இதைச் சொன்னியா?"

எங்கே சொல்ல? அவர் எதிரில் எனக்குப் பேச்சே வராது.

வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் நீ விடுதி வாசலுக்குப் போய்விட்டாய். "அண்ணே, ஒங்க தங்கச்சி படிச்சு முடிக்கணும்னு சொல்றா. ஒங்ககிட்ட சொல்லப் பயமா இருக்காம். இது என் பேச்சு இல்லைங்க, அவ பேச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். நீ சட்டென்று விலகி நின்றுகொண்டாய். அன்று உன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஆமாண்ணே, சொன்னேன். படிச்சு முடிச்சுட்டு வாரேன்" என்றேன்.

அண்ணன் வாங்கி வந்த முறுக்குப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, தனியாகவே பஸ் ஏறினார். மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள், நல்லதாகப் போயிற்று.

உன்னைப் போல் துணிச்சல்காரியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இப்போது என் வகுப்புப் பெண் ஒருத்தி, "நாளையிலேருந்து வர வேணாம்னு அப்பா சொல்லிட்டாருங்க டீச்சர்" என்று வந்து நின்றால், அவள் கூடவே வீட்டுக்குப் போகிறேன். அப்பாவிடம் பேச்சைத் தொடங்கிவைக்கிறேன். பிறகு ஓரெட்டு விலகி நின்றுகொள்கிறேன்.