கழுவாமல் விட்ட கொல்லை

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் மழை. இப்போது விட்டிருக்கிறது.

இந்த நோட்டு செல்வி வாங்கித் தந்தது. செல்வி என் மகள். இனி செ. என்று போட்டால் போதும், கை வலிக்கிறது. கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு ஞாயிறு எழுத்து வகுப்பு, போன வருடம் சேர்ந்தேன். தினம் கொஞ்சம் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார் டீச்சர். காட்ட மாட்டேன். ஆனால் நானே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். என் எழுத்து எனக்குப் புரிகிறது!

நேற்று ஈப்போ டவுனுக்குப் போனேன். கண் மருந்து வாங்க. இந்தியர் கடைத்தெருவில் தமிழ்ப் பலகை ஒன்று விடாமல் படித்தேன். பூக்கடை. நகைக்கடை. ஜோசியர், மாடியில். இத்தனை வருடம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், ஒரு பலகையும் என்னோடு பேசியதில்லை. மருந்து வாங்க மறந்து, பாதி வழியில் திரும்பிப் போனேன்.

முக்கியமான செய்தி. வீட்டுக்குப் பின்னால் மேடு. முன்பு பால்மரக்காடு, ரப்பர்த் தோட்டம், நான் மரம் சீவிப் பால் எடுத்த இடம். இப்போது புது வீடுகள் கட்ட ஒரு குத்தகைக்காரன் மேட்டை அறுக்கிறான். ஒவ்வொரு மழைக்கும் மஞ்சள் சேறு எங்கள் வரிசையின் கொல்லைகளுக்கு இறங்குகிறது. எங்கள் பின்சுவரில் வெடிப்பு. விரல் நுழைகிறது. பேத்தி யாழினி படுக்கும் அறைக்கும் அதே சுவர். பிள்ளையை முன்னறைக்கு மாற்றிவிட்டோம். மழை என்றால் செ. தூங்குவதில்லை.

செ. நகராட்சிக்குப் போனில் புகார் செய்து பல வாரம். இன்று பதில் வந்தது. திங்கட்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். செ. கையில் மாவோடு வாசலுக்கு ஓடி வந்து சொன்னாள்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

குடியிருப்புத் தலைவர் வந்தார். சந்திரன் என்று பெயர், அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து தெரியும். இப்போது தலைவர். தோட்டத்தை விற்ற பிறகு எங்கள் வீட்டு நிலத்துக்குக் கிராண்ட், அதாவது பட்டா, வாங்கித் தர அவர்தான் அலைகிறார். அதனால் எல்லா வீடும் அவர் முகத்தைப் பார்க்கிறது. குத்தகைக்காரனின் லோரிகள் போக எங்கள் பாதையைத் திறந்துவிட்டதும் அவரே. அதை யாரும் பேசுவதில்லை.

உட்காரவில்லை.

"யாரு போன் போட்டது, செல்வி? நீயா?"

"ஆமாண்ணே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா லா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"எத்தன வாட்டி சொன்னேன்ணே. பாக்கலாம் பாக்கலாம்னீங்க."

சிரித்தார். நல்ல பல் வரிசை. "சரி, வரட்டும். நல்லா வரவேற்போம். சனிக்கெழம கோத்தோங் ரோயோங் வச்சிருவோம். எல்லாரும் ஒண்ணா சேந்து கழுவி விடுவோம். வர்றவங்க முன்னால நம்ம மானம் போகக் கூடாது பாரு."

வாசலில் என்னிடம் மட்டும், மெதுவாக: "மாமா, கிராண்டு விசயம் இப்பத்தான் மேல போயிருக்கு. இந்த நேரத்துல வாய மூடிக்கிட்டு இருங்க. ஒங்க ஒரு வீட்டால எல்லார் வீடும் போச்சின்னா என்னக் கேக்காதீங்க."

செ. போட்ட தேநீரைத் தொடவில்லை. செ. அதைக் கால்வாயில் ஊற்றினாள்.

நவம்பர் 15, சனி

மெதுவாக எழுதுகிறேன்.

கோத்தோங் ரோயோங். மழை இல்லை. வாளிகள், ஈர்க்கு விளக்குமாறுகள், ரப்பர்க் குழாய், சுண்ணாம்பு. எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், தலைவர் செலவு. தீபாவளிக்கு முதல் நாள் போல இருந்தது. நானும் விளக்குமாறு எடுத்துக்கொண்டு போனேன்! மூலை வீட்டிலிருந்து தொடங்கி, சிரித்துப் பேசி, சேற்றை எல்லாம் கால்வாய்க்குத் தள்ளினோம். உடம்புக்கு நன்றாக இருந்தது.

பக்கத்து வீடு மாரியாயி. கணவன் இல்லை, காலையில் தோசைக் கடை போடுகிறாள். அவள் வீட்டுப் பின்சுவரிலும் வெடிப்பு. இளவட்டங்கள் அதில் சிமெண்டு அப்பி மேலே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வெளேர் என்று சுவர். நான் விளக்குமாற்றோடு நின்றுவிட்டேன்.

தோட்டத்தில் பெரிய துரை வரும் நாளில் இதேதான். முதல் நாளே கங்காணி வந்து லய வீடுகளைக் கழுவச் சொல்வார். ஒழுகும் கூரைக்கு அடியில் இருந்த சட்டி பானையை ஒளித்து வைப்போம். விருந்தாளி முன்னால் அழுக்கு கூடாது என்று நாங்களே ஓடி ஓடிச் செய்வோம். துரை பார்ப்பார், "குட், குட்" என்பார், காரில் ஏறுவார். அடுத்த மழைக்குச் சட்டியை மறுபடி எடுத்து வைப்போம்.

வீட்டுக்கு ஓடினேன். செ. கொல்லையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"தண்ணிய மூடு."

"ஏம்பா? நம்ம வீடு மட்டும்தான் பாக்கி."

"அவுங்க எதப் பாக்க வாராங்க?"

செ. சேற்றைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். குழாயை மூடினாள். முகம் கறுத்துவிட்டது.

பிறகு எல்லாம் சண்டை. தலைவர் இரண்டு பேரை அனுப்பினார். நான் நாற்காலியைச் சேற்றின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"தாத்தா, எந்திரிங்க லா. அஞ்சு நிமிச வேல."

"எனக்கு இங்கதான் காத்து வருது."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாரியாயி: "ஏண்ணே, நாலு எழுத்து படிச்சதும் லோயர் ஆயிட்டீங்களோ? நான் கோலம் போட்டு வச்சிருக்கேன், ஒங்க சேத்து நாத்தம் எங்கூட்டு வாசலுக்கு வருது! கிராண்டு கெடைக்கலன்னா எம்புள்ளைங்கள ஒங்க நாற்காலியிலயா படுக்க வைக்க?"

அவள் சொல்வதிலும் பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். கொசு. நாற்காலிக் கால்கள் புதைந்துவிட்டன. செ.யும் யாழினியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. என்ன ஐயா தனியாக, என்றார் டீச்சர். காற்று வரட்டும் என்றேன்.

மதியம் வானம் இருட்டியது. மழை வந்தால் எல்லாக் கொல்லையும் பழையபடி ஆகும், அதிகாரி கண்ணில் படும் என்று ஆசைப்பட்டேன். உடனே சுவர் நினைவு. வேண்டாம் வேண்டாம் என்று சாமியிடம் மாற்றிச் சொன்னேன். மழை வரவில்லை. சாமிக்கும் குழப்பம்.

செ. சாப்பிடவில்லை. "தப்புப் பண்ணிட்டமாப்பா?" என்றாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

வந்தார்கள். முழுவதும் எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண், செ. வயதுதான் இருக்கும். தலைவர் பன்னீர் தெளித்தார், சந்தனம் நீட்டினார், குடை பிடித்தார், வெயிலே இல்லாத நேரத்தில். ஒவ்வொரு கொல்லையாகக் காட்டினார். சுத்தம். வெள்ளைச் சுவர். அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார்.

புகார் கொடுத்தது எந்த வீடு என்று கேட்டார். தலைவர் மலாயில் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம், உள்ளே போனால் ஒட்டிக்கொள்ளுமாம்.

அம்மை! நிலைப்படியில் வேப்பிலை இல்லை, பிள்ளை வாசலில் கச்சான் கடலை தின்றுகொண்டிருக்கிறாள். செ. யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அதிகாரியிடம் போனாள். சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். ஒரு கொப்புளம் இல்லை. யாழினி அதிகாரிக்குக் கச்சான் கொடுத்தாள். அவர் வாங்கித் தின்றார். பிறகு தலைவரை ஒரு பார்வை.

எங்கள் கொல்லைக்கு வந்தார். பூட்ஸ் கணுக்கால்வரை இறங்கிவிட்டது. வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். மேட்டை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படிச் சேறு வரும் என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

கடைசியில் சொன்னார்: வேலையை இன்றே நிறுத்தச் சொல்கிறேன், பொறியாளர் பார்த்து முடிக்கும்வரை இயந்திரம் நகரக் கூடாது. ஆனால் நான் தினமும் இங்கே நிற்க முடியாது. சத்தம் கேட்டால் எனக்கு உடனே போன் செய்ய இங்கே ஓர் ஆள் வேண்டும்.

எல்லாத் தலையும் தலைவர் பக்கம் திரும்பியது. என் தலையும் திரும்பியது, அதுதான் பழக்கம். அவரும் அதிகாரியின் போன் நம்பர் அட்டையை வாங்கக் கையை நீட்டிவிட்டார்.

அவர் வேண்டாம், மேட்டை ஒட்டிச் சுவர் இருக்கிற ஆள் வேண்டும் என்றார் அதிகாரி.

எல்லாருக்கும் கிராண்ட் நினைவு. எனக்கு மலாய் அரைகுறை, போனும் பிடிக்கத் தெரியாது. இருந்தாலும் கையைத் தூக்கலாம் என்று நினைத்தேன்.

"எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க."

மாரியாயி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். அட்டையை வாங்கினாள். பிறகு மலாயில், நல்ல மலாயில், என் சுவரும் வெடித்திருக்கிறது, சுண்ணாம்பு சனிக்கிழமை அடித்தது என்றாள்.

கார் போனதும் தலைவர்: "அக்கா, ஒங்க கிராண்டுக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

"கிராண்டு வந்து, வீடு மண்ணுக்குள்ள போச்சின்னா, அத எங்கடா மாட்டி வைக்கிறது? ஒன் நெத்தியிலயா?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரித்தது யார் என்று திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

இயந்திரம் ஓடவில்லை. மேட்டில் குருவிச் சத்தம். காது விநோதமாக இருக்கிறது.

வேலிக்கு மேல் மாரியாயி தோசை நீட்டினாள். இன்னும் கோபமா என்று கேட்டேன்.

"கோவந்தான். நாத்தம் வந்துச்சா இல்லியா?"

வந்தது என்று ஒத்துக்கொண்டேன். தோசை நன்றாக இருந்தது.

தலைவர் எங்கள் வரிசைப் பக்கம் வரவில்லை. முன் வரிசையில் வீடு வீடாகப் போகிறார் என்று செ. சொல்கிறாள்.

நவம்பர் 20, வியாழன்

விடிகாலை. மேகம் கறுத்து நிற்கிறது. தண்ணீர் அடுப்பில். இன்று யாழினியின் பெயரை அழகாக எழுதிப் பழகலாம் என்று உட்கார்ந்தேன்.

மேட்டில் ஏதோ சத்தம். லோரியாக இருக்கும்.

லோரி இல்லை. மண் வெட்டுகிற இயந்திரம். முக்கி முக்கிக் கிளம்புகிறது. செ. எழுந்துவிட்டாள்.

மாரியாயி வீட்டுக் கதவு திறக்கிறது. தலையை முடியாமலே, போனைக் காதில் வைத்துக்கொண்டு, மேட்டைப் பார்த்து ஏறிப் போகிறாள். பாதை முனையில் தலைவர் நிற்கிறார். அவள் நிற்கவில்லை. தனியாகப் போகிறாள்.

நானும் போகிறேன்.