பிரித்துக் கட்டும் சுவர்

மார்ச் 3

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மண்ணில் துளி சிமெண்ட் கலந்து மிஷினில் அழுத்திச் செய்த கல், சாந்து வெறும் மண்தான். கட்டடக்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் கையால் செய்து பழக வேண்டுமாம். எங்களுக்கு வீடு வேண்டும். மழைக்கு முன்னால் கூரை என்றார் பேராசிரியர். அதுவரை இந்தத் தகரக் கொட்டகையில் நான், என் தையல் மிஷின், மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்துவிட்ட இவர்.

மார்ச் 19

கல் காயாமல் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறதாம்.

ஏப்ரல் 6

தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வந்தால் சுவரைக் காணோம்! கல்லெல்லாம் ஓரமாக அடுக்கியிருக்கிறது. மண்சாந்துதானே, அலுங்காமல் பிரிந்துவிட்டது. அடுத்த குழு வருகிறதாம். “சுவர் நின்னுட்டா அவங்க எதைக் கட்டிப் பழகுவாங்கம்மா?” என்று பேராசிரியர் என்னையே கேட்கிறார். ஓசியில் வருகிற வீடு — வாயைத் திறக்க முடியுமா? தலையை ஆட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏப்ரல் 7

சுவரைப் பார்த்தே படுத்திருக்கும் இவர் இன்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

மே 12

மறுபடி ஜன்னல் மட்டம். மறுபடி பிரித்தாயிற்று. என் மிஷினுக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலைத் தள்ளி வைத்த பெண்தான் முதல் கல்லை எடுத்தாள். “மார்க் போயிடும்க்கா” என்று அழுகை வேறு. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

மே 20

கல்லூரி விடுமுறை. யாரையும் கேட்கவில்லை, நானே ஆரம்பித்துவிட்டேன். நூல் பிடித்து நேர் பார்க்கத் தையல்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? இவர் படுத்தபடியே, “வலது பக்கம் சாயுதுடி” என்று அதட்டுகிறார். இந்தத் தடவை சாந்தில் சிமெண்ட் கலந்தேன். இப்போது பிரிக்கட்டும், பார்க்கலாம்.

ஜூன் 14

ஒரே ஒரு அறை. கொட்டகைத் தகரத்தையே தெருக்காரர்கள் நாலு பேர் மேலே ஏற்றித் தந்தார்கள். சாயங்காலம் மழை. ஒழுகவில்லை.

ஜூலை 1

மூன்றாவது குழு வந்தது. பேராசிரியர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பூரித்துப்போய் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு, ஒரு பக்கச் சுவரை மட்டும் பிரித்துக் காட்டலாமா என்றார். ஒரு பையன் சாந்துக் கரண்டியால் நோண்டிப் பார்த்தான். அசையவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 9

சான்றிதழ் அனுப்பியிருக்கிறார்கள். ‘கட்டியவர்கள்’ என்று நாற்பது பிள்ளைகளின் பெயர். கடைசியில் என் பெயர், பக்கத்தில் ‘பயனாளி’.

அட்டை நல்ல கனம். சட்டைக் காலருக்கு அளவு அட்டையாக வெட்டிக்கொண்டேன்.