உடைந்தால் மட்டும் எங்கள் சைக்கிள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, சின்னவள், நான் மூன்று பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை டிவியிலேயே பார்த்துவிட்டேன், கன்னமெல்லாம் பூசினாற்போல் நன்றாகத்தான் இருக்கிறாய். அன்றிலிருந்து போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் சின்னவள் இதைப் படம் பிடித்து உன் செல்லுக்கு அனுப்பிவிடுவாள், கிடைக்கவில்லை என்று கதை விடாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, லாரியில் கிளட்சை மிதித்து மிதித்து வந்த வலி எந்தத் தைலத்துக்கும் அடங்கவில்லை. நீ அனுப்பிய முழங்கால் உறையை ஆசையாகப் போட்டுக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை கழற்றி எறிந்தவர்தான், இன்னும் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஏன் என்று உனக்கே தெரியும்.

அன்றைக்கு எங்களுக்கு ஓவர்டைம். வேலை முடிந்ததும் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் சைக்கிள் பந்தயம் பார்க்க உட்கார்ந்தோம். ஓட்டுகிறவன் பேரெல்லாம் எங்களுக்கு எதற்கு, அவனை "மேலே உட்கார்ந்திருக்கிறவன்" என்றுதான் சொல்வோம், நாங்கள் பார்ப்பது அவனுக்குக் கீழே இருப்பதை. போன மாதம் நீதானே உன் பந்தயக் குழுவின் பட்டறையில் வண்டி பூட்டும்போது ஃப்ரேமில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் மேஜையில செஞ்சதும்மா, இப்ப என் கையில இருக்கு" என்று குதித்தாய்? அதனால் அந்தக் கறுப்பு வண்டி மலையில் முன்னால் போகப் போக எங்கள் மேஜைக்காரிகள் நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். இறக்கத்தில் முன் குழாய் படாரென்று முறிந்தது, அந்தப் பையன் உருண்டான். மேலே உட்கார்ந்திருக்கிறவனும் யாரோ பெற்ற பிள்ளை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோள் எலும்போடு போயிற்று, பிழைத்தான். பிறகு உன் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டினார்கள். "எங்க பட்டறையில தப்பே இல்ல, ஃபாக்டரியில கார்பன் துணிய ஒழுங்கா ஒட்டல, அங்க வேலை அப்படித்தான் இருக்கும்" என்றாய். நம் பாஷையில் எழுத்தாகக் கீழே ஓடியது, கூடமே படித்தது. படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் மேஜை வாயாடி இருக்கிறாளே, அவள்தான் எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

போன வருடம் இதே வெளிநாட்டுக் கம்பெனி சைக்கிள் ஜெயித்தபோது இதே டிவியில் என்ன சொன்னார்கள்? அவர்கள் ஊர்க் கைவண்ணமாம், தலைமுறை தலைமுறையாக வந்த திறமையாம். நூல் ஒரு நாட்டிலிருந்து வருகிறது, பிசின் இன்னொரு நாட்டிலிருந்து வருகிறது, நாங்கள் துணியை வெட்டி, அடுக்கி, அச்சில் வைத்து அடுப்பில் வேகவைக்கிறோம், உன் அப்பா லாரியில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்குகிறார். அவர்கள் பெயிண்ட் அடித்துத் தங்கள் ஊர்ப் பேரை ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதே சைக்கிள் மறுபடியும் கப்பலேறி வந்து நம் கடைத்தெருவில் கண்ணாடிக்குள் நிற்கிறது. ஒரு நாள் பார்க்கப் போனேன், காவலாளி ஓடிவந்து "தொடாதீங்கம்மா, கை ரேகை விழும்" என்றான். உள்ளே இருப்பதே என் கைரேகைதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஜெயித்தால் அவர்கள் ஊர் சைக்கிள், உடைந்தால் எங்கள் ஊர் சைக்கிள். அவர்கள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், நாக்கில் நரம்பில்லாமல் நீ எப்படிடா சொன்னாய்?

அதுவும் தெரிந்தே சொன்னாய். "மலை ஏறுறவனுக்கு எடை குறையணும்மா, இதுலயும் இன்னும் ரெண்டு மூணு வண்டியிலயும் உப்புத்தாள் போட்டுப் பெயிண்ட்ட முழுக்கத் தேய்ச்சு எடுத்துட்டேன்" என்று என்னிடம் பெருமை அடித்தது நீ. துணி வரைக்கும் போய்விடவில்லையே, துணி அறுந்தால் குழாய் தாங்காதே என்று கேட்டேன். "லேசா நூல் தெரிஞ்சுது, மேல பாலிஷ் போட்டு மறைச்சுட்டேன்" என்று சிரித்தாய். அந்த நிமிஷமே திட்டினேன், வேறு வண்டியைக் கொடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். சரி சரி என்று போனை வைத்தவன்தான். உன்னையும் மேலே இருப்பவர்கள் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார்கள், வேலை போய்விடும் என்று பயந்திருப்பாய், எனக்கு அதுகூடப் புரியாமல் இல்லை. பயம் உனக்கு மட்டும்தான் இருக்கிறதா?

இங்கே என்ன நடக்கிறது என்று கேள். தப்புச் செய்தது யார் என்று சொல்லி அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பாவிட்டால், இதைவிடக் கூலி குறைந்த நாட்டுக்கு ஆர்டரை மாற்றிவிடுவோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமை காலையில் எங்கள் மேஜையிலிருந்து ஒரு பேர் வேண்டும் என்கிறார் மேனேஜர். மேஜையில் மூத்தவளான பெரியக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். வாயாடியின் புருஷன் படுத்த படுக்கை. புதுப்பெண் வாயும் வயிறுமாக இருக்கிறாள், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேரையே சொல்லிடுங்கக்கா, நான் எப்படியும் பிரசவத்துக்கு நிக்கப்போறவதானே" என்கிறாள். நீ பேசியதைவிட அதுதான் என் வயிற்றை எரிக்கிறது. சின்னவள் உனக்காக அழுகிறாள், "உன் பேரச் சொல்லிட்டு வந்துடும்மா, அண்ணன் பொழைச்சுப் போகட்டும்" என்கிறாள். செய்யாத தப்பை நான் ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்? நான் ஒத்துக்கொண்டால் நீ தேய்த்துவைத்திருக்கும் மற்ற வண்டிகளில் ஏறி இன்னும் எத்தனை பையன்கள் மலை இறங்குவார்கள்?

அங்கே குளிர் என்றார்கள், காதை மூடிக்கொண்டு போ. வெறும் காப்பியிலேயே பொழுதை ஓட்டாதே, வேளைக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையனைப் பார், வெறுங்கையோடு போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு எந்தக் காலத்திலும் வேலை குறையக் கூடாது, இதைக் கோபத்திலும் மனதாரத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. எங்கள் மேஜையில் நாலு பேர், நாலு பேரும் செய்யவில்லை. திங்கட்கிழமை மேனேஜர் கேட்கும்போது நான் உன் பேரைத்தான் சொல்லப் போகிறேன். அதற்குள் நீயே சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
உன்னைப் பெற்ற அம்மா