பெட்ரோல் மூடியின் மேல் அம்மா

என் செல்லச் சண்டைக்காரி ஸ்டெல்லா அக்காவுக்கு,

பண்டமாரான் பெருமக்களுக்கும் வானுலகவாசிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நீ போனதிலிருந்து பூட்டியே கிடந்த உன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் மூடி திறந்துவிட்டது. திறந்தவன் உன் ஒரே தம்பி. கைதட்டலாம்.

சிரிக்காதே, விஷயம் பெரியது. கல்லறைத் திருநாளுக்கு உன்னைப் பார்க்க உன் மோட்டாரில்தான் வருவேன் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு இப்போதுதான் லைசன்ஸ் கிடைத்திருக்கிறது. "மூடிதானேம்மா? அஞ்சு நிமிஷம் லா!" என்று வாயைத் திறந்தேன். அதன் பிறகு திறந்திருந்தது அது ஒன்றுதான்.

மழைத்தண்ணீர் இறங்கி, சாவி போடும் ஓட்டை துருப்பிடித்திருந்தது. ஸ்ப்ரே அடித்தேன். சாவி கொஞ்சம் அசைந்தது, மூடி அசையவில்லை. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினேன். அது வழுக்கி, நீ துடைத்துத் துடைத்து வைத்திருந்த நீலப் பெயிண்டில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. துணி போட்டு மறைத்தேன். எனக்கு மூடத்தான் வருகிறது அக்கா, திறக்க வரவில்லை.

திருநாள் காலையில் பூசைக்குக் கட்டும் சேலையோடு அம்மா வெளியே வந்தார்.

"என்னடா ஆச்சு?"

"சாவி சரியில்லம்மா."

அம்மா துணியைத் தூக்கினார். கோட்டைப் பார்த்தார். அதற்கு ஓர் அறை விட்டிருக்கலாம், விடவில்லை. பிறகு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் டேங்கின் மேல் ஏறி, சாவி ஓட்டை மட்டும் வெளியே தெரிய மூடியின் ஓரத்தில் உட்கார்ந்தார்!

"இப்ப சாவியத் திருப்பு."

"ஐயோ, விழுந்துருவீங்கம்மா!"

"அக்கா உன்ன இதுமேல ஒக்கார வெச்சுதானே திருப்புவா? மூடிய அழுத்துனாத்தான் பூட்டு விடும்னு எத்தன தடவ சொல்லியிருக்கா. நீ எங்க கேட்ட?"

பெட்ரோல் ஸ்டேஷனில் நீ என்னை டேங்கின் மேல் உட்கார வைக்கும்போதெல்லாம் வரிசையே சிரிக்கும். என் குறும்புகளுக்கு நீ பழிவாங்குகிறாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? கோமாளியாகக் கைகாட்டிக்கொண்டிருந்ததில் நீ சொன்னது காதில் விழவே இல்லையா?

மூடி திறந்தது. அம்மா இறங்கி, குனிந்து டேங்கின் வாயில் முகத்தை வைத்தார். உன் ஜாக்கெட்டின் வாசம். நெடுநேரம் நிமிரவில்லை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதுப் பெட்ரோல் ஊற்றி வந்து சேர்ந்தோம். உன் கல்லறைப் பக்கத்தில் சித்தப்பா, "அட, யாருடா அந்த மூடியத் தொறந்தது?" என்று கேட்டார். என் கை தானாக உயர்ந்தது. "கெட்டிக்காரன்!" என்று முதுகில் தட்டினார். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?

ஆகவே மேற்படி அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. சித்தப்பாவிடம் நானே போய் உண்மையைச் சொல்வேன். அந்தக் கோட்டுக்கும் அதே நீலத்தைத் தேடிப் பூசுவேன். சத்தியம்.

திறந்தது அம்மா. நான் சாவியைத் திருப்பினேன், அவ்வளவுதான். அதையும் முதலில் தப்பான பக்கம்தான் திருப்பினேன்.

இப்படிக்கு,
உன் பெட்ரோல் மூடிக்கு எடைக்கல்லாக இருந்த தம்பி