ஏழாம் எண் வீட்டுக் கதவின் மஞ்சள் தாள்

அனுப்புநர்
ஏழாம் எண் வீட்டுக்காரி,
மூன்றாம் மாடி,
22ஆம் எண் பேருந்தின் ஆறாவது நிறுத்தம்.
(கதவில் மஞ்சள் தாள் உள்ள ஒரே வீடு. தேட வேண்டியிராது.)

பெறுநர்
உயர்திரு வட்டாரச் சுகாதார அலுவலர் அவர்கள்,
வட்டாரச் சுகாதார அலுவலகம்,
முதல் மாடி.

பொருள்: பெருந்தொற்றுக் காலத்தில் பதினான்கு நாளுக்கென ஒட்டப்பட்ட தனிமைப்படுத்தல் தாள், முந்நூற்றுப் பன்னிரண்டு நாளாகியும் அகற்றப்படாதது – தாங்களே நேரில் வந்து தங்கள் கையால் அகற்றித் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி தாள். 2. தங்கள் அலுவலக மூன்றாம் எண் ஜன்னலின் முன் நான் நின்ற மூன்று வரிசைகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் மனுக்கள் மலைபோல் குவிந்திருப்பதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆகையால் சுற்றி வளைக்காமல் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இடையிடையே கொஞ்சம் சுற்றி வளைத்தால் மன்னிக்கவும்; பத்து மாதமாக வீட்டில் பேச ஆளிருந்தும் பேச்சு குறைவு.

1. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கடைசி வரி எழுத்து தெரிகிறதா என்று பன்னிரண்டு ஆண்டுகளாக ஊராரைக் கேட்டுப் பிழைக்கிறேன். என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பதினெட்டு ஆண்டுகளாக 22ஆம் எண் வழித்தடத்தில் ஓட்டுகிறார். பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கடிகாரம்’. எங்கள் திருமணத்துக்கு நான் பதினோரு நிமிடம் தாமதமாக வந்தேன் என்பதை இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறார் என்றால் தாங்களே புரிந்துகொள்ளலாம்.

2. நோய் பரவத் தொடங்கிய முதல் மாதத்தில், அவர் முகத்தைப் பார்த்ததும் பேருந்தில் ஏற வந்தவர்கள் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்கள். “நாங்க அடுத்த வண்டியில வர்றோம்” என்று மரியாதையாகச் சொன்னவர்களும் உண்டு. அடுத்த வண்டியை ஓட்டியவருக்கும் எங்கள் நிறமே என்பதால் சிலர் அன்று நெடுநேரம் நிறுத்தத்திலேயே நின்றதாகக் கேள்வி. அதைச் சொல்லி நானும் அவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

பிறகு ஒருநாள் ஒரு பயணி, “உங்க ஆளுங்கதானே இதைக் கொண்டு வந்தீங்க?” என்று கேட்டு, கிருமிநாசினியை அவர் முகத்தில் அடித்துவிட்டு இறங்கிப் போனார். எரிகிற கண்ணோடு மீதி ஒன்பது நிறுத்தத்தையும் ஓட்டி முடித்து, பணிமனைப் பதிவேட்டில் ‘தாமதம்: இல்லை’ என்று எழுதிவிட்டுத்தான் என் கடைக்கு வந்தார். கண்ணைக் கழுவிவிட்டது நான். “லேட் இல்லை” என்பதை மூன்று முறை சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் இது மனுவாக இராது.

3. அடுத்த வாரம் அவருக்கு நோய் கண்டது. தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் விசாரித்தார்கள். “எந்த நாட்டுல இருந்து, எப்ப வந்தீங்க?” என்பது முதல் கேள்வி. தாம் பிறந்தது 22ஆம் எண் பேருந்தின் நான்காவது நிறுத்தத்தில் உள்ள மருத்துவமனையில் என்று அவர் சொன்னார். “அது சரி, அதுக்கு முன்னாடி?” என்று கேட்டார்கள். “அதுக்கு முன்னாடி நான் பொறக்கலைங்க” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை ஐயா. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது அவர் சுபாவம். படிவத்தில் ‘வெளியிலிருந்து வந்தவர்’ என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

4. எங்கள் கட்டடத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். அந்த மாதம் ஆறு வீடுகளில் நோய் வந்தது. மஞ்சள் தாள் வந்தது ஒரு வீட்டுக்கு. எங்கள் தலைக்கு மேலே குடியிருக்கும் தும்மல்காரர், கூரை அதிரத் தும்மிக்கொண்டே நாங்கள் மின்தூக்கியில் ஏறக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டார். அவர் கதவில் தாள் இல்லை. ஏன் என்று தங்கள் ஊழியரிடம் கேட்டதற்கு, “அவங்களைப் பாத்தாலே தெரியுதே, சுத்தமான குடும்பம்” என்று பதில் வந்தது. எங்களைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. அது பன்னிரண்டு ஆண்டுகளாகக் கடையில் தினமும் தெரிந்துகொள்வதுதான். “காதுல மாட்டிப் பாக்க வேற யாராவது இருக்காங்களா?” என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு நான் முதலாளியை அனுப்பிவிடுவேன். அவருக்குக் கை நடுங்கும். அவர்கள் கோணல் கண்ணாடியோடு திருப்தியாகப் போவார்கள்.

5. தாளை ஒட்டியவர் கதவைத் தட்டவில்லை. எதிர்வீட்டு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, “உங்க கதவுல என்னமோ ஒட்டியிருக்காங்க. படிச்சுப் பாருங்க, ஆனா கதவை மட்டும் தொறந்துடாதீங்க!” என்றார். திறக்காத கதவின் வெளிப்பக்கத்தைப் படிக்கும் வித்தை கண்ணாடிக் கடைக்காரிக்கும் தெரியாது. திறந்துதான் படித்தேன். ‘நோயுற்றோர்: 1. தனிமைக் காலம்: 14 நாள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. கடைசி வரி, மிகச் சிறிய எழுத்தில்: ‘கீழே கையொப்பமிட்டுள்ள அலுவலர் தவிர வேறெவரும் இதை அகற்றுவது தண்டனைக்குரியது.’ கையொப்பம் தங்களுடையது. அழகான கையொப்பம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

6. பதினான்கு நாள் முடிந்தது. அவர் குணமானார். நான் வேலைக்குப் போனேன். அவர் போகவில்லை. தாளில் உள்ள அந்த ‘1’ தாம்தான் என்றும், தாள் இருக்கும்வரை தாம் வெளியே கால் வைப்பது சட்டப்படி குற்றம் என்றும் சொல்லி ஒரே பிடியாக நின்றார். தினமும் காலை ஐந்து நாற்பதுக்குச் சீருடை அணிவார். கதவைத் திறப்பார். கால் உள்ளே இருக்க, கழுத்தை மட்டும் வெளியே நீட்டித் தாளை ஒருமுறை முழுதாகப் படிப்பார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ஆக, முந்நூறு நாளாக எங்கள் வீட்டில் சட்டத்தை மீறியது அவர் கழுத்து மட்டுமே.

7. அவர் சும்மாவும் உட்காரவில்லை. வீட்டுக்குள் கால அட்டவணை போட்டுப் பேருந்து ஓட்டினார். படுக்கையறையிலிருந்து கிளம்பும்போதே, “அடுத்த நிறுத்தம் சமையலறை. எறங்குறவங்க முன்பக்கம் வாங்க” என்று அறிவிப்பார். குளியலறை, ‘கேட்டால் மட்டும் நிற்கும்’ நிறுத்தம். ஒரே பயணி நான். ஒருமுறை தேநீரோடு குறுக்கே வந்ததற்கு, ஓடும் வண்டிக்கு முன்னால் வரக் கூடாது என்று கண்டித்தார். முதலில் சிரித்தேன். பிறகு கடையில், கண் பரிசோதனை செய்யும் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே அழுதால் வெளியே தெரியாது. வெளியே வந்து கண் கூசுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மன ஆறுதல் தொலைபேசிக்கும் பேசிப் பார்த்தோம். இருபது நிமிட இசைக்குப் பிறகு வந்தவர் மிகவும் அன்பாக, “தினமும் கொஞ்சம் வெளியில நடந்துட்டு வாங்க” என்றார். என் கணவர் அவருக்கு மஞ்சள் தாளின் கடைசி வரியைப் படித்துக் காட்டினார். “ஐயோ, அப்ப என்னங்க பண்றது?” என்று அவர் எங்களையே கேட்டார். அவருக்கு ஆறுதல் சொல்லி வைத்தது என் கணவர்தான்.

8. தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். முதல் முறை, அந்தத் தாள் பதினான்காம் நாளே அகற்றப்பட்டுவிட்டதாகக் கணினியில் இருக்கிறது என்றார்கள். கதவில் இருக்கிறதே என்றேன். கதவு தங்கள் கணினியில் இல்லையாம். இரண்டாம் முறை ஒரு யோசனை சொன்னார்கள்: அகற்றிய தாளை மறுபடி அகற்ற வழியில்லை, வேண்டுமானால் புதிதாக ஒரு தாள் ஒட்டுகிறோம், பதினான்கு நாள் கழித்து இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். நல்ல மனதோடு சொன்ன யோசனை என்பதால் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் முறை, ஜன்னலில் இருந்த எழுத்தர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்கம்மா, யாரு கேக்கப் போறா?” என்றார்.

9. ஐயா, இந்த மனுவின் காரணம் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. எழுத்தர் சொல்வதற்கு முன்பே நான் அதைச் செய்திருந்தேன். கண்ணாடி துடைக்கும் திரவம் கொண்டு ஒரு சனிக்கிழமை பகலில், என் கணவர் தூங்கும்போது, தாளை ஒரு கிழிசல் இல்லாமல் உரித்தெடுத்துச் சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டேன். கதவு பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது தாள் பழைய இடத்திலேயே இருந்தது. ஓரத்தில் தேயிலைக் கறை. நான்கு பக்கமும் பழுப்பு நாடா. முன்பு கொஞ்சம் சாய்வாக இருந்தது. இப்போது மட்டம் பார்த்து நேராக ஒட்டப்பட்டிருந்தது.

ஒட்டியது என் கணவர். என்ன இது என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. “ஒட்டுனவங்க வந்து எடுக்கட்டும். அப்பதான் எடுத்ததா அர்த்தம். நாளைக்கு ரோட்டுல எவனாவது நிறுத்திக் கேட்டா, என் பொண்டாட்டி எடுத்துட்டான்னு சொன்னா, இந்த மூஞ்சிக்கு யாரு நம்புவாங்க?” என்றார்.

அவர் சொல்வது உண்மை. தும்மல்காரர் தம் கதவில் நூறு தாளைக் கிழித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எங்களைக் கேட்பார்கள். அந்தத் தாள் தம்மை உள்ளே வைத்திருக்கிறது என்று என் கணவர் நினைக்கவில்லை ஐயா. ஊர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைத் தங்கள் கையொப்பத்தோடு ஒரு முறை எழுத்தில் பார்த்துவிட்டார். அதை அழிக்கவும் அதே கையொப்பக்காரர் வர வேண்டும் என்கிறார்.

10. இப்போது அவசரம் என்னவென்றால்: ஓட்டுநர் பற்றாக்குறையால், பணிமனையிலிருந்து அவரைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். வருகிற முதல் தேதிக்குள் வரவில்லை என்றால் 22ஆம் எண் வழித்தடம் வேறொருவருக்குப் போய்விடும். கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், மேசையில் வைத்தார். அன்றிலிருந்து மூன்று வாரமாக வீட்டில் நிறுத்த அறிவிப்பு இல்லை. சீருடை அணிவதும் இல்லை. கதவருகே போவதும் இல்லை. சமையலறைக்குச் சாதாரண மனிதர்களைப் போல் நடந்து வருகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

11. ஆகவே தங்களிடம் நான் கோருவது:

(அ) தாங்கள் நேரில் வர வேண்டும். ஊழியரை அனுப்பினால் என் கணவர் கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

(ஆ) கதவைத் தட்ட வேண்டும். போன முறை தட்டவில்லை.

(இ) அவர் பார்க்கத் தங்கள் கையால் தாளை எடுக்க வேண்டும். பழுப்பு நாடா சற்று முரண்டு பிடிக்கும்; திரவமும் துணியும் நான் தருகிறேன்.

(ஈ) எடுத்த பின், “இதை உங்க வீட்டுல மட்டும் ஒட்டுனது தப்பு” என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்கென்று படிவம் ஏதும் இராது என்பது தெரியும். வாயால் சொன்னால் போதும். எதிர்வீட்டு அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வார். கட்டடம் முழுவதும் சேர்ப்பிப்பது அவர் பொறுப்பு.

வேறு நிவாரணம் வேண்டாம். வந்தால் தேநீர் தருவோம். குடிக்கத் தயக்கமாக இருந்தால் கையில் வைத்துக்கொண்டாலும் போதும். அதுவும் எங்களுக்குப் பழக்கம்தான்.

முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் வீடு பேருந்தில் பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடத்தைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கதவுக்கு உள்பக்கம்
நாள்: தாள் ஒட்டிய 312ஆம் நாள்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஏழாம் எண் வீட்டுக்காரி

இணைப்பு: கதவின் புகைப்படம் இரண்டு (தாள் சாய்வாக இருந்தபோது ஒன்று, நேரான பிறகு ஒன்று); பணிமனைக் கடித நகல்.

பின்குறிப்பு, 313ஆம் நாள் காலை: மனுவை உறையில் போடாமல் மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். அவர் படித்திருக்கிறார். கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன். முகவரியில் நான் ‘ஐந்தாவது நிறுத்தம்’ என்று எழுதியிருந்ததை அடித்து ‘ஆறாவது’ என்று திருத்தியிருக்கிறார். கணக்கில் நான் எப்போதும் இப்படித்தான். மனுவைத் திரும்ப எழுதிவிட்டேன். ஆனால் கடைசியில் அவர் தம் கையால் சேர்த்திருந்ததை மட்டும் வெட்டி எடுத்து, அப்படியே கீழே ஒட்டியிருக்கிறேன். மூன்று வாரத்தில் அவர் எழுதிய முதல் வரிகள் இவை.

‘அலுவலக வாசலில் 22ஆம் எண் வண்டி: 9.07, 9.22, 9.37. தாமதம் இராது. நான்காவது நிறுத்தம் தாண்டியதும் ஒரு வளைவு உண்டு, கம்பியைப் பிடித்துக்கொள்ளவும். – ஓட்டுநர்.’