ஐந்து வெள்ளி மதிப்புரை

12-3-1935, செவ்வாய்

மளிகை ஒரு வெள்ளி எழுபது காசு. செவ்வாய் விரதம், மீன் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து கடிதம். மாதப் பத்திரிகையில் மதிப்புரை எழுதும் சபாபதியாருக்கு என் முருகன் தாலாட்டுப் புத்தகம் இரண்டு பிரதியும் கிடைத்ததாம். மதிப்புரை வெளியிட ஐந்து வெள்ளி அனுப்ப வேண்டுமாம். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் படித்துவிட்டுச் சிரித்தார். "முருகனைத் தூங்க வச்சதுக்கு மார்க்குப் போட அஞ்சு வெள்ளியா?"

முந்நூறு பிரதியில் பத்தொன்பதுதான் போயிருக்கிறது. மிச்சம் கட்டிலுக்கு அடியில். அந்தக் காகித வாசனையில் கனவெல்லாம் மழையாகவே வருகிறது. நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா?

14-3-1935, வியாழன்

கேட்பது நியாயமா? நெய் நிறுக்கிறவனுக்கும் கூலி உண்டுதான். ஆனால் நெய்க்காரியே கூலி கொடுத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்? அப்படியென்றால் குருக்களுக்குத் தட்சிணை கொடுக்கிறோமே, அவர் நமக்காகச் சாமியிடம் பொய்யா சொல்கிறார்? இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

மூவார் ஆற்றுப் பக்கமிருந்து ஏறிவந்த பனியில் ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோயின. பார்த்துக்கொண்டே நின்றதில் சோறு குழைந்துவிட்டது.

15-3-1935, வெள்ளி

அனுப்பிவிட்டேன். சிறுவாட்டுப் பணம். "உன் காசு, உன் சாமி" என்றார் இவர்.

26-3-1935, செவ்வாய்

சபாபதியார் பதில். பணம் வந்ததாம். வேலை அதிகமாம். "தாங்களே ஒரு பக்கம் எழுதியனுப்பினால் என் பெயரில் வெளியிடுகிறேன். அனைவரும் அவ்வாறே செய்கிறார்கள்."

என்ன மனுசன் அவர்? காசையும் வாங்கிக்கிட்டு வேலையையும் நம்ம தலையிலேயே கட்டுறாரே. அப்போ படிக்கவே இல்லையா — ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டுக் கூடவா?

28-3-1935, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். தேனருவி, அமுத ஊற்று என்று பத்திரிகையில் படித்ததெல்லாம் தானாகக் கைக்கு வந்தது. அதெல்லாம் அவங்கவங்களே எழுதிக்கிட்டதுதானா! எதிரே முருகன் படம். பேனா நகரவில்லை.

கடைசியில் உள்ளதை எழுதினேன். பதினாறு பாட்டில் பன்னிரண்டு, ஆறு வருஷம் திருத்தித் திருத்தி எழுதியவை. நன்றாக இருக்கின்றன என்று கூசாமல் எழுதினேன். மற்ற நாலு, பக்கம் குறைகிறது என்று அச்சாபீசில் சொன்னதும் ஒரே மத்தியானத்தில் உலை கொதிக்கிற நேரத்தில் ஒப்பேற்றியவை. அதையும் மறைக்கவில்லை: "கடைசி நான்கு பாடல்களும் பக்கம் நிரப்ப வந்தவை. நீக்கியிருக்கலாம்."

உறையை ஒட்டியதும் தலைக்குக் குளித்தது போல இருந்தது.

2-5-1935, வியாழன்

வந்துவிட்டது. ஓர் எழுத்து மாறவில்லை. நான் எழுதி அனுப்பியதையும் அவர் படிக்கவில்லை போலிருக்கிறது.

10-5-1935, வெள்ளி

கோயிலில் அங்கம்மாவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் மனைவி, புத்தகம் வாங்கிய பத்தொன்பது பேரில் ஒருத்தி. இடுப்பில் ஆறு மாதப் பெண். என்னைக் கண்டதும் கொதித்தாள்.

"யாருக்கா அந்தச் சபாபதி? புள்ள வளத்தவரா அவரு? அந்தக் கடைசி நாலும் இல்லாட்டி இவ தூங்கவே மாட்டா. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதான் கேட்டுக்கிட்டே முழிச்சிருக்கா."

அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று நான் அவருக்காக வாதாடினேன்.

"நீங்க ரொம்ப நல்லவங்கக்கா. அதான் இவங்கல்லாம் ஏறி மிதிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, திருநீறு பூசக் குழந்தையின் நெற்றியை என் பக்கம் திருப்பினாள். எழுதியது யார் என்று சொல்லாமலே பூசிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு, அந்த நாலையும் முதன்முதலாக வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். இரண்டாவது பாட்டின் பாதியிலேயே கண் சொருகிவிட்டது. விழித்தபோது அடுப்பு தானாக அணைந்திருந்தது.