படகுத்துறை என் கையில்

மேரிலாந்து, 1741

அன்புள்ள எஸ்ராவுக்கு,

மறைந்த என் கணவர், அந்தப் புண்ணியவானின் சொத்தான படகுத்துறையை நிர்வகிப்பதாக நேற்று மாவட்ட நீதிமன்றத்தில், ராஜாவின் பெயரால் சத்தியம் செய்துவிட்டேன். கையெழுத்துப் போடும்போது முழங்கை பட்டு மைக்கூடு கவிழ்ந்து நீதிபதியின் வெள்ளைக் காலுறை நாசம். ஊருக்கு ஒரு மாதம் பேச விஷயம் கிடைத்தது.

மைத்துனர் ஒபதாயா விடவில்லை. "அண்ணி, அண்ணன் சொத்தை எனக்கு எழுதி விட்டுக்குடுங்க. எப்படியும் எஸ்ராவைக் கட்டிக்கப் போறீங்க. அன்னிக்கே படகுத்துறை நிர்வாகம் அவர் கைக்குப் போயிடும்."

"சட்டம் அப்படித்தாம்மா, கட்டிக்கிட்டா பெண்டாட்டி சொத்து புருஷன் கைக்குத்தான்," என்றார் நீதிபதி, காலைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப நான் யாரையும் கட்டிக்கலைங்க."

பின்வரிசையில் உங்கள் அம்மா பலமாக இருமினார்.

உங்களைப் பிடிக்காமல் இல்லை, எஸ்ரா. ஞாயிறுதோறும் அக்கரையிலிருந்து விருந்துக்கு வாருங்கள், வாத்துக்கறி உண்டு. படகுக்கூலி மட்டும் எல்லாரையும் போலக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
படகுத்துறைக்காரி